கடல் நீரோட்டமும் காலநிலை மாடலும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிக்கப்போகிறவர்கள், இளநிலையில் இயற்பியல், கணிதம், பொறியியல் படிப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோருக்கான பக்கம் இது. கடலின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு, அதிலிருந்து மழையையும் வெப்பத்தையும் புரிந்துகொள்ளும் ஆய்வுத் தொழில் எப்படி இருக்கும், அதற்கு என்ன படிக்க வேண்டும், எங்கே சறுக்கும் என்பவற்றைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்தில் கடலே கிடையாது. இந்தப் படிப்பு எங்களுக்கு எதற்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே வங்கக் கடல் நேர்கோட்டில் சுமார் 190 கி.மீ. கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். கடலோ மழையாக நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையேறிய பின்னும் பல மணி நேரம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்று, பிறகு மெல்ல உள்நாட்டுக்கு நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்தது சுமார் 50 செ.மீ. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வங்கக் கடலின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி வந்தது.

இந்த வேலையின் பெரும்பகுதி நடப்பது கடற்கரையில் இல்லை, கணினி முன்னால். தேவைப்படுவது கணிதம், இயற்பியல், பொறுமை. பாலக்கோட்டிலோ ஓசூரிலோ பிறந்தவருக்கு இதில் ராமேஸ்வரத்துக்காரரைவிட ஒரு குறையும் கிடையாது.

கடலில் ஓடும் நீரை எந்த அளவில் சொல்வார்கள்?

ஆடிப்பெருக்குச் சமயத்தில் ஒகேனக்கல்லில் "விநாடிக்கு 1 லட்சம் கன அடி" என்று செய்தி வந்தால் பரிசல் நிறுத்தம் என்று நமக்குப் புரிந்துவிடும். கடலுக்கு அந்த அளவு போதாது. அங்கே ஸ்வெர்ட்ரப் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் விநாடிக்கு 10 லட்சம் கன மீட்டர். நம் கணக்கில் சுமார் 353 லட்சம் கன அடி. அதாவது 1 லட்சம் கன அடி ஓடும் ஒகேனக்கல் போல 353 சேர்ந்தால்தான் ஒரு ஸ்வெர்ட்ரப். பசிபிக்கிலிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே இந்தியப் பெருங்கடலுக்குள் வரும் ஓட்டம் சுமார் 15 ஸ்வெர்ட்ரப்.

அவ்வளவு நீரைத் தள்ளுவது எது?

முதலில் காற்று. விநாடிக்கு 8 மீட்டர் வேகக் காற்று கடலின் ஒரு சதுர மீட்டர் மீது கொடுக்கும் இழுவிசை சுமார் 0.1 நியூட்டன்தான். கையில் வைத்த 10 கிராம் எடைக்குச் சமம். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் மாதக்கணக்கில் விடாமல் இழுத்தால் பெருங்கடலே நகர்கிறது. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் மேலடுக்கு நீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்கு வலப்பக்கம் செங்குத்தாகப் போகும். ஸ்வீடன் நாட்டு எக்மன் இதை 1905-ல் கணக்கிட்டுக் காட்டினார். நம் அட்சரேகையில், 12.5 பாகையில், மேற்சொன்ன காற்று ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் விநாடிக்குச் சுமார் 3 கன மீட்டர் நீரைத் தள்ளுகிறது.

இரண்டாவது, அடர்த்தி வேறுபாடு. குளிர்ந்த நீரும் உப்பு கூடிய நீரும் கனமானவை, அவை மூழ்கும். துருவப் பகுதிகளில் மூழ்கும் நீர் அடியாழத்தில் ஊர்ந்து மீண்டும் மேலே வர நூற்றாண்டுகள் ஆகும்.

இந்தியப் பெருங்கடலின் தனிக்குணம், ஆண்டுக்கு இருமுறை காற்று திரும்புவதால் நீரோட்டமும் திரும்புவது. சோமாலியக் கரையோர ஓட்டம் தென்மேற்குப் பருவத்தில் வடக்கே பாயும், குளிர்காலத்தில் தெற்கே. நம் கிழக்குக் கரையோர ஓட்டம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடும். அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் இந்த அளவுக்குப் பருவம் தவறாத திருப்பம் கிடையாது. ஆகவே அங்கே செய்த மாடலை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்தால் பொருந்தும் என்று எண்ணக்கூடாது.

எல் நினோ வந்தால் எங்களுக்கு மழை கூடுமா, குறையுமா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், பருவத்தைச் சேர்த்துச் சொன்னால். நம் இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் மழை தருகிறது. எல் நினோ, அதாவது பசிபிக்கின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது, தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும் பக்கம் சாயும். வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் பக்கம் சாயும். அதனால் ஒரே ஆண்டில் ராகி, சாமை விதைத்தவருக்கு ஒரு பதிலும், ஐப்பசியில் ஏரி நிரம்பக் காத்திருப்பவருக்கு வேறு பதிலும் கிடைக்கும்.

இதோடு இந்தியப் பெருங்கடல் இருமுனை என்ற ஒன்று உண்டு. கடலின் மேற்குப் பகுதி, அதாவது ஆப்பிரிக்கப் பக்கம், வழக்கத்தைவிடச் சூடாகி, சுமத்ரா, ஜாவா பக்கம் குளிர்ந்தால் அது நேர் இருமுனை. தலைகீழாக நடந்தால் எதிர் இருமுனை. இதை 1999-ல் சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகதா ஆகியோர் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். இவர்களில் வினயசந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். 2016-ல் வலுவான எதிர் இருமுனை. அந்த ஆண்டு தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. முந்தைய ஆண்டு 2015-ல் பெரிய எல் நினோ. சென்னை வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்யாதீர்கள். 2021 லா நினா ஆண்டு, அதாவது எல் நினோவின் தலைகீழ், பசிபிக்கின் அதே பகுதி குளிர்ந்த ஆண்டு. சூத்திரப்படி வடகிழக்குப் பருவமழை குறைந்திருக்க வேண்டும். இயல்பைவிட மிக அதிகமாகக் கொட்டியது. கடல் செய்வது பகடையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கனமாக்குவது. எந்தப் பக்கம் விழும் என்பதை அந்தந்த வாரக் காற்றும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

கடல் மாடல் என்றால் உள்ளே என்னதான் இருக்கிறது?

கடலைச் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பநிலை, உப்புத்தன்மை, கிழக்கு மேற்கு வேகம், வடக்கு தெற்கு வேகம், மேற்பரப்பில் கடல்மட்டம் ஆகியவை எண்களாக இருக்கும். பக்கத்துப் பெட்டியிலிருந்து எவ்வளவு நீர், வெப்பம், உப்பு வந்தது, எவ்வளவு போனது என்று ஒவ்வொரு காலப்படிக்கும் கணக்குப் போட்டு அடுத்த நிலைக்கு நகர்த்துகிறோம். பால் சொசைட்டியில் வரவு செலவு நோட்டுப் போடுவது போன்றதுதான். வந்ததும் போனதும் இருப்பும் ஒத்துப்போக வேண்டும்.

உலகக் கடல் முழுவதையும் இப்படிக் கணக்கிடும் முதல் மாடலை அமெரிக்காவில் கிர்க் பிரையன் 1969-ல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுகுரோ மனாபேயும் அவரும் கடலையும் காற்றையும் இணைத்து ஓட்டினார்கள். மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புழக்கத்தில் இருப்பவை மாம், நீமோ, ஹைகாம், ரோம்ஸ், எம்ஐடி ஜிசிஎம் போன்றவை. புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் புவி அமைப்பு மாடலில் கடல் பகுதி மாம் வழி வந்தது. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கடல் முன்னறிவிப்புக்கு ரோம்ஸ், ஹைகாம் இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறது.

காலப்படி எவ்வளவு வைக்கலாம் என்பதுதான் புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம். 4,000 மீட்டர் ஆழக் கடலில் மேற்பரப்பு அலை ஒன்று விநாடிக்கு 198 மீட்டர் வேகத்தில் ஓடும். பெட்டி 10 கி.மீ. அகலம் என்றால் அந்த அலை அதை 50 விநாடியில் கடந்துவிடும். உங்கள் காலப்படி அதைவிடப் பெரிதாக இருந்தால், ஒரு படிக்குள் அலை ஒரு பெட்டியைத் தாண்டிப் போய்விடும், கணக்கு சிதறும். கடலின் உள்ளடுக்கு அலைகளோ விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர்தான். அதனால் மாடல்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன: கடல்மட்டத்துக்குச் சின்னச் சின்னப் படிகள், வெப்பநிலைக்கும் உப்புக்கும் பெரிய படி.

பெட்டியின் அகலத்தைப் பாதியாக்கினால் கிழக்கு மேற்கில் இரு மடங்கு, வடக்கு தெற்கில் இரு மடங்கு, காலப்படியும் பாதியாவதால் இன்னொரு இரு மடங்கு. ஆக 8 மடங்கு செலவு. பெட்டியைச் சிறிதாக்க ஆசைப்படுவதற்கு முன்னால் இந்த எட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாடல் ஆய்வை முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வார்கள்?

கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாடலை எடுத்துவைத்துக்கொண்டு "இதில் என்ன செய்யலாம்" என்று தேடும் ஆய்வு பெரும்பாலும் நல்ல வண்ணப் படங்களோடு நின்றுவிடும். ஓர் எடுத்துக்காட்டு: அக்டோபரில் நம் கிழக்குக் கரை ஓட்டம் தெற்கே திரும்புவதில், உள்ளூர்க் காற்றின் பங்கு எவ்வளவு, தொலைவிலிருந்து வரும் அலைகளின் பங்கு எவ்வளவு? நிலநடுக்கோட்டில் காற்று எழுப்பும் கெல்வின் அலை விநாடிக்குச் சுமார் 2.5 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுமத்ராவைத் தொட்டு, பிறகு கரையை ஒட்டியே வங்கக் கடலைச் சுற்றி வரும். மாடலில் ஒருமுறை எல்லா இடத்திலும் காற்றை வீசவிட்டு, மறுமுறை நிலநடுக்கோட்டில் மட்டும் நிறுத்திவிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். நிஜக் கடலில் காற்றை நிறுத்த முடியாது. மாடலின் உண்மையான பலமே இதுதான்.

அடுத்தது கடலடி வரைபடம். ஜெப்கோ தொகுப்பு சுமார் 450 மீட்டர் இடைவெளியில் ஆழம் தருகிறது. அதை உங்கள் பெட்டி அளவுக்குச் சராசரி எடுக்கும்போது நீரிணைகள் காணாமல் போகும். 100 கி.மீ. பெட்டி வைத்தால் பாக் நீரிணை அடைபட்டு இலங்கை தமிழ்நாட்டோடு ஒட்டிக்கொள்ளும். இந்தோனேசிய நீரிணைகளும் அப்படியே. இவற்றைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், ஒவ்வொன்றாகக் கையால் திறக்க வேண்டும்.

பிறகு தொடக்க நிலை: உலகப் பெருங்கடல் அட்லஸ் தரும் மாதச் சராசரி வெப்பநிலையும் உப்புத்தன்மையும். மேலிருந்து கொடுக்க வேண்டியவை: காற்று, சூரிய ஒளி, வெப்பக் கதிர்வீச்சு, காற்றின் வெப்பம், ஈரப்பதம், மழை. இவற்றுக்கு ஈஆர்ஏ5 அல்லது ஜேஆர்ஏ55 என்ற வானிலைத் தரவுத் தொகுப்பு. ஆறுகளை மறக்கக்கூடாது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி நீரைச் சேர்க்காவிட்டால் வங்கக் கடலின் மேலடுக்கு உப்பேறி, கலப்படுக்கு (காற்றால் கலந்து ஒரே சீராக இருக்கும் மேல்நீர்) தேவைக்கு மேல் ஆழமாகி, கடல் மேற்பரப்பு வெப்பமே தப்பாகிவிடும்.

முதலில் 10 நாள் சோதனை ஓட்டம். தாண்டினால் 1 வருடம். அதன் பிறகு கடலைத் தன் போக்கில் அடங்கவிட ஒரு நீண்ட ஓட்டம்; வெப்பமண்டல மேலடுக்குக்கு 10 முதல் 20 ஆண்டு போதும், அடியாழம் அடங்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் காலநிலை மாடல்களில் "இன்னும் அடங்காத ஆழ்கடல்" என்ற குறையை எல்லோரும் ஒப்புக்கொண்டு, அந்த நகர்வைத் தனியே கழித்துக் காட்டுகிறார்கள். கடைசியாக அளவீடுகளோடு ஒப்பிடுதல். அதற்குப் பிறகுதான் ஆய்வே தொடங்குகிறது.

எங்கே தப்பு நடக்கும்?

அலகில்தான் அதிகம். மழை ஒரு தொகுப்பில் நாளுக்கு மில்லிமீட்டராகவும், இன்னொன்றில் விநாடிக்குச் சதுர மீட்டருக்குக் கிலோகிராமாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 86,400 என்ற வகுத்தல் இருக்கிறது. ஈஆர்ஏ5 சூரிய ஒளியை ஒரு மணி நேரக் கூட்டுத்தொகையாக, ஜூலில் தருகிறது. 3,600-ஆல் வகுக்காமல் ஊட்டினால் கடல் கொதித்துவிடும். வெப்பநிலையில் கெல்வின், செல்சியஸ் குழப்பம் உடனே கண்ணில் படும் என்பதால் ஆபத்து குறைவு. காற்றின் நேரமுத்திரை 12 மணி நேரம் தள்ளிப்போவது போன்றவை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அவைதான் கொடியவை.

திடீரென்று எண்கள் வெடித்து வெறும் பிழைக்குறியாக வந்தால், பலரும் காலப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுகிறார்கள். அது நோயைப் பார்க்காமல் காய்ச்சல் மாத்திரை போடுவது. வேகம் அதிகபட்சமாக உள்ள பெட்டி எது என்று ஒவ்வொரு படிக்கும் அச்சிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது கடலடியில் ஒற்றைப் பெட்டிப் பள்ளமாகவோ, செங்குத்துச் சரிவாகவோ, திறந்த எல்லையின் மூலையாகவோ இருக்கும். அந்த இடத்தைச் சீர்செய்தால் பழைய காலப்படியே போதும்.

தரையோடு வளையும் அடுக்குகள் கொண்ட ரோம்ஸ் போன்ற மாடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு: செங்குத்துச் சரிவில் அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடும்போது பொய் ஓட்டம் பிறக்கும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. காற்றே இல்லாமல், எங்கும் ஒரே அடுக்கு அமைப்பில் கடலை வைத்து 30 நாள் ஓட்டுங்கள். கடல் அசையவே கூடாது. அசைந்தால் அந்த வேகம் முழுவதும் பிழை. அது உங்கள் நிஜ ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால் கடலடியை இன்னும் மென்மையாக்க வேண்டும்.

கரையோரப் பெட்டிகளில் நிலத்தின் காற்று கலந்துவிடுவது பலர் கவனிக்காத பிழை. நிலத்தில் காற்று தளர்ந்து வீசும். இடைச்செருகல் செய்யும்போது, அதாவது தரவுப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடங்களுக்கு மதிப்பைக் கணக்கிடும்போது, அந்தத் தளர்ந்த காற்று கடல் பெட்டிக்குள் கசியும். கரையோர நீர் மேலெழுச்சி பாதியாகிவிடும். நிலப் புள்ளிகளை முதலில் நீக்கி, கடல் மதிப்புகளால் நிரப்பிய பின்னரே இடைச்செருகல் செய்ய வேண்டும்.

உப்பு மெல்ல மெல்ல ஏறுவது அல்லது இறங்குவது: ஆவியாதல், மழை, ஆறு மூன்றும் துல்லியமாகச் சமன்படாததால் வரும். பலர் மேற்பரப்பு உப்பை அட்லஸ் மதிப்பை நோக்கி இழுத்துப் பிடிக்கிறார்கள். செய்யலாம்; ஆனால் அதன்பின் "உப்புத்தன்மை நன்றாகப் பொருந்துகிறது" என்று கட்டுரையில் எழுதுவது நேர்மையாகாது.

லீப் வருடம் இல்லாத நாட்காட்டி, நிரம்பிவிட்ட வட்டு, அழிந்துபோன மறுதொடக்கக் கோப்பு: இவற்றால் போன வாரங்களைக் கணக்கிட்டால் பெரிய தொகை வரும். உலகக் கடலை 1/12 பாகை இடைவெளியில் 75 அடுக்கோடு எடுத்தால் ஒரு மாறிக்கு ஒரு நாளைக்கு 2.8 ஜிபி. நான்கு மாறிகளைத் தினமும் சேமித்தால் ஆண்டுக்குச் சுமார் 4 டெராபைட். ஓட்டத்தைத் தொடங்கும் முன்னரே எதைச் சேமிக்கப்போகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட அளவீடுகள் எங்கிருந்து வருகின்றன?

இன்று பெரும்பங்கு ஆர்கோ மிதவைகளிலிருந்து. உலகெங்கும் சுமார் 4,000 மிதக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் 9 நாள் போல மிதந்து, 2,000 மீட்டருக்கு இறங்கி, மேலே வரும் வழியில் வெப்பநிலையும் உப்பும் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். ஒரு சுற்று 10 நாள். உள்ளே இருக்கும் எண்ணெயை வெளிப் பைக்குத் தள்ளினால் கன அளவு கூடி மேலே வரும்; உள்ளே இழுத்தால் மூழ்கும். இந்தியப் பங்கை இன்காய்ஸ் கவனிக்கிறது. தரவு யாருக்கும் இலவசம். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூர மிதவைகளைப் பராமரிக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மறுபகுப்பாய்வுத் தொகுப்புகள் (மாடலையும் அளவீடுகளையும் கலந்து உருவாக்கும் தரவு) ஆர்கோ அளவீடுகளை ஏற்கெனவே உள்வாங்கியவை. அவற்றோடு உங்கள் மாடலை ஒப்பிட்டு, பிறகு ஆர்கோவோடும் ஒப்பிட்டு, "இரண்டு தனித்தனிச் சான்று" என்று சொல்ல முடியாது.

கப்பலில் போக வேண்டுமா?

மாடல் ஆய்வாளருக்குக் கட்டாயம் இல்லை. ஒருமுறையாவது போவது நல்லது. சாகர் நிதி, சிந்து சாதனா போன்ற ஆய்வுக் கப்பல்களில் பயணம் சில வாரங்கள் நீளும். 4,000 மீட்டர் ஆழத்துக்குக் கருவியை இறக்கி ஏற்ற ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரவு பகல் முறை வேலை. முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல் பலருக்கும் வரும், பிறகு உடல் பழகிக்கொள்ளும். ஒரு புள்ளி அளவீட்டுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று பார்த்தவர், மாடலோடு பொருந்தாத அளவீட்டை எளிதில் தூக்கி எறியமாட்டார்.

எதைப் படித்தால் இங்கே வரலாம்?

இளநிலையில் இயற்பியல் அல்லது கணிதம் மிகச் சரியான அடித்தளம். பொறியியலில் சிவில், மெக்கானிக்கல், கணினி அறிவியல் எல்லாமே வழிதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரிகளிலோ, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ படித்துவிட்டு முதுநிலைக்கு வெளியே போகலாம். கொச்சி குசாட், விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம் இரண்டும் கடலியல் கற்பிப்பதில் பழமையானவை. ஐஐடி டெல்லி, கரக்பூர், புவனேஸ்வர் மூன்றிலும் இதற்கான மையங்களோ துறைகளோ உள்ளன. ஐஐடி சென்னையில் கடல் பொறியியல் உண்டு. நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையம்: கிருஷ்ணகிரியிலிருந்து 100 கி.மீ. போல. சென்னையைவிடக் கிட்டே.

நுழைவுத் தேர்வுகள்: முதுநிலைக்கு ஜாம், முனைவர் படிப்புக்கு கேட், அல்லது சிஎஸ்ஐஆர் நெட். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று தனித் தாளே இருக்கிறது. இயற்பியல் தாள் எழுதியும் வரலாம்.

கடல்சார் உயிரியல் படித்தவர்கள்?

பெயர் ஒத்திருப்பதால் ஏமாறாதீர்கள். பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் போன்றவை நல்ல இடங்கள், ஆனால் அது வேறு துறை. நீரோட்ட மாடலுக்கு வகைக்கெழுச் சமன்பாடு கட்டாயம்.

தமிழ்வழியில் படித்தவள் என் மகள். ஆங்கிலம் தடையாகுமா?

முதல் ஓராண்டு கஷ்டமாக இருக்கும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. பாடநூல், ஆய்வுக் கட்டுரை எல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் சமன்பாட்டுக்கு மொழி கிடையாது, கணினி நிரலும் அப்படியே. தினமும் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து, அதைத் தன் சொந்தத் தமிழில் நான்கு வரி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் பொருள் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

எத்தனை ஆண்டு ஆகும்? சம்பளம்?

முதுநிலை 2 ஆண்டு, முனைவர் பட்டம் 5 ஆண்டு போல, அதன்பின் முதுமுனைவர் ஆய்வு 2 முதல் 4 ஆண்டு. நிலையான வேலையில் அமரும்போது பெரும்பாலும் முப்பதைத் தாண்டியிருக்கும். வீட்டுச் சூழ்நிலையை நினைத்து இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. முனைவர் ஆய்வுக் காலத்தில் கையில் பணம் வரும்: 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. மத்திய அரசு நிறுவனங்களில் விஞ்ஞானி 'பி' பதவியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. 'சி' பதவிக்கு 67,700.

வேலை இருக்கும் இடங்கள் இன்காய்ஸ், புனே நிறுவனம், கோவா தேசிய கடலியல் நிறுவனம், கோவா துருவ ஆய்வு மையம், அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், கொச்சியில் கடற்படைக்கான ஆய்வகம். பணியிடங்கள் குறைவு, விளம்பரம் ஒழுங்காக வராது. ஆனால் இந்தப் பயிற்சி பெற்றவருக்குப் பெருந்தரவும் இணைக்கணிப்பும் கைவந்திருக்கும் என்பதால், காற்றாலை, காப்பீடு, கப்பல் வழித்தடம், மென்பொருள் துறைகளிலும் இடம் உண்டு.

அட்லாண்டிக் நீரோட்டம் நின்றுவிடும் என்கிறார்களே?

அவர்கள் சொல்வது, அட்லாண்டிக்கில் வெதுவெதுப்பான மேல்நீர் வடக்கே போய், குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் சுழற்சியை. அதை 26.5 பாகை வடக்கில் 2004 முதல் தொடர்ந்து அளக்கிறார்கள். சராசரி சுமார் 17 ஸ்வெர்ட்ரப். இந்த நூற்றாண்டில் அது பலவீனமாவது மிகவும் சாத்தியம் என்றும், 2100-க்குள் திடீரென்று நின்றுவிடாது என்பதில் நடுத்தர நம்பிக்கை என்றும் ஐபிசிசி (அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழு) 2021 அறிக்கை சொன்னது. 'நடுத்தர நம்பிக்கை' என்ற சொல்லைக் கவனித்துப் படியுங்கள். செய்தித் தலைப்பில் முதலில் உதிர்வது அதுதான்.

2050-ல் எங்கள் தாலுகாவில் எவ்வளவு மழை என்று மாடல் சொல்லுமா?

சொல்லும், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல காலநிலை மாடல்களின் பெட்டி 100 கி.மீ. அகலம், அதாவது 10,000 சதுர கி.மீ. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேர்ந்தே சுமார் 9,600 சதுர கி.மீ. ஆக நம் இரண்டு மாவட்டங்களும், ஓசூர் மேட்டுநிலம், சித்தேரி மலை, ஒகேனக்கல் பள்ளத்தாக்கு எல்லாம் சேர்த்து, ஒரே பெட்டி, ஒரே உயரம், ஒரே மழை எண். மாங்காய் பூக்கும் மாதத்தில் மழை வருமா என்று கேட்கும் விவசாயிக்கு அந்த எண் பதில் ஆகாது. நுண்ணிய வட்டார மாடலோ புள்ளியியல் திருத்தமோ சேர்த்து, பல மாடல்களின் முடிவுகளைப் பக்கத்தில் வைத்து, ஒரு வரம்பாகத்தான் சொல்ல வேண்டும். "இத்தனை மில்லிமீட்டர்" என்று ஒற்றை எண் தருகிறவரிடம் அந்த வரம்பைக் கேளுங்கள்.

என்னிடம் ஒரு சாதாரண லேப்டாப் இருக்கிறது. இப்போதே எதிலிருந்து தொடங்கலாம்?

8 ஜிபி நினைவகம் போதும். உபுண்டு லினக்ஸ் போட்டு, பைத்தானும் அதன் எக்ஸ்அரே (xarray) தொகுப்பும் நிறுவிக்கொள்ளுங்கள். பெரிய மாடல்கள் பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் இருப்பதால் அதைப் படிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். எழுதுவது பின்னால் வரும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் 2 மாதக் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

முதல் கணக்கு காகிதத்திலேயே செய்யலாம். கடலுக்குள் சதுர மீட்டருக்கு 100 வாட் வெப்பம் 30 நாள் இறங்குகிறது என்று வையுங்கள். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,025 கிலோகிராம், வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகைக்கு 3,990 ஜூல். கலப்படுக்கு 20 மீட்டர் என்றால் வெப்பநிலை சுமார் 3.2 பாகை ஏறும். 50 மீட்டர் என்றால் 1.3 பாகைதான். ஆற்றுநீர் மேலே மிதந்து கலப்படுக்கை மெலிதாக்கும் வங்கக் கடல் ஏன் சீக்கிரம் சூடேறுகிறது என்பது இந்த இரண்டு எண்ணில் இருக்கிறது.

அடுத்து, ஹென்றி ஸ்டாமல் 1961-ல் தந்த இரண்டு பெட்டி மாடலை (ஒன்று வெப்பமண்டலக் கடல், மற்றது துருவப் பக்கக் கடல்) எழுதுங்கள். ஐம்பது வரி நிரல். ஒரே வெளிநிலைக்கு இரண்டு விதமான நிலையான ஓட்டம் கிடைக்க வேண்டும். தொடக்க உப்பை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒன்றுதான் வருகிறது என்றால், ஓட்டத்தின் நேர்மறை அளவை எடுக்காமல் குறியோடு பெருக்கியிருப்பீர்கள். எல்லோரும் அங்கேதான் தடுக்குவார்கள்.

மூன்றாவதாக, நவம்பர் மாதத்து ஆர்கோ பதிவு ஒன்றை வங்கக் கடலின் வடபகுதியிலிருந்தும் இன்னொன்றை அரபிக் கடலின் நடுவிலிருந்தும் இறக்கி, மேல் 200 மீட்டரின் வெப்பநிலையையும் உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். வரையும் முன் தரக்குறியீட்டைப் பார்த்து, 1 என்று குறித்த மதிப்புகளை மட்டும் எடுங்கள். வங்கக் கடல் படத்தில் உப்பு முதல் சில பத்து மீட்டரிலேயே சட்டென்று ஏற, வெப்பநிலை அதற்குக் கீழேயும் மாறாமல் இருந்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியின் தடிமனை மீட்டரில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தடுப்படுக்கு என்று பெயர். கீழேயிருக்கும் குளிர்நீரை மேலே வரவிடாமல் தடுத்து, புயலுக்கு வெப்பத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பது அது.